சலாமத்து ஏன் முழுகியது

உதுமான் நகுதா வீட்டுக்கா போகிறீர்கள்? அப்படியென்றால் அவசரப்படாதீர்கள் நானா. ஓடம் அக்கரையில் கிடக்கிறது. ஓடக்காரன் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு, அதைத் துப்பிய பிறகுதான் கழியைத் தொடுவான். இப்படி இந்தப் புன்னை நிழலில் உட்காருங்கள். வெள்ளாற்றின் இந்தக் கரையில் நிழல் என்று இருப்பது இது ஒன்றுதான்.

நான் ஒட்டுக் கேட்கவில்லை. நீங்கள் வண்டிக்காரனிடம் சொன்னது காற்றோடு வந்து காதில் விழுந்தது. காரைக்காலில் இருந்து வருகிறீர்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்கள். நகுதாவின் மகன் இலியாஸ் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், விசாரிக்க வந்திருக்கிறீர்கள். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் என்னைப் பார்த்தது உங்கள் மகளின் நஸீபு, அதிர்ஷ்டம்.

பையனைப் பற்றிக் கெட்டதாக ஒன்றும் சொல்ல மாட்டேன். தொழுகிறான். பெரியவர்களைக் கண்டால் ஒதுங்கி நிற்கிறான். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அதுவே ஒரு மாதிரியாக இருக்கும். இந்த வயதில் இவ்வளவு நல்லவனாக இருக்க ஒரு பையனுக்கு என்ன அவசியம் வந்தது? இருக்கட்டும். அவனுடைய வாப்பாவைப் பற்றித்தான் நான் சொல்ல வருகிறேன். நம் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குகிறார். உங்கள் வீட்டுக்குள்ளே, உங்கள் பெட்டிக்கும் சாவிக்கும் பக்கத்திலே ஓர் ஆளைக் கொண்டுவந்து வைக்கப் போகிறீர்கள். அவன் எந்த ரத்தம் என்று தெரிய வேண்டாமா?

நான் யார் என்று சொல்லவில்லையே. காதர் நெய்னா. கிராணி காதர் நெய்னா என்றால் பரங்கிப்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். கப்பலில் சரக்குக்குப் பொறுப்பாகப் போகிறவன் கிராணி. கப்பலுக்கு நகுதா எஜமான், சரக்குக்கு நான். இப்போது போவதில்லை. யாரும் கூப்பிடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சலாமத்து முழுகி ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு எந்த முதலாளியும் என்னைக் கூப்பிடவில்லை. உதுமானைக் கூப்பிட்டார்கள். அவன்தான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டான். முழுக்கியவனைக் கூப்பிடுகிறார்கள், காவல் இருந்தவனைக் கூப்பிடுவதில்லை. என்ன நியாயம் இது?

சலாமத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் முதலாளி வாப்பு மரைக்காயரின் தகப்பனார் இதே ஆற்று முகத்தில் வைத்துக் கட்டிய கப்பல். மூன்று பாய்மரம். மௌல்மீன் தேக்கு. ஜவுளி ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் போகும், பாக்கும் கற்பூரமும் ஏற்றிக்கொண்டு திரும்பும். ஒரு வருஷம் ஹாஜிகளை ஜித்தாவுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. இன்னொரு வருஷம் கெடாவில் இருந்து ஒரு யானையை ஏற்றி வந்தது. யானை வழி முழுக்க நின்றபடியே வந்ததாம், பாகன்தான் படுத்துக்கொண்டு வாந்தி எடுத்தானாம். நான் நம்பவில்லை. ஆனால் எல்லோரும் சொல்கிறார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் அந்தக் கப்பல் அரிசியோடு வந்தபோது கரையில் நின்ற ஜனங்கள் அதன் பக்கப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நானே பார்த்தேன்.

பிறகு புகைக்கப்பல்கள் வந்தன. நல்ல சரக்கெல்லாம் அவற்றுக்குப் போயிற்று. சலாமத்துக்கு மிஞ்சியது பாக்கும் அரிசியும்தான். கப்பலுக்கும் வயதாகிவிட்டது. வாப்பு மரைக்காயருக்கு அதன் மேல் ஆசை போகவில்லை, ஆனால் வரும்படி குறையக் குறைய மனுஷர் எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்.

முதல் பயணத்திலேயே நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பினாங்கில் நானே நின்று நிறுத்து ஏற்றிய பாக்கு, இங்கே இறக்கி நிறுத்தபோது குறைந்தது. உதுமானைக் கேட்டேன். சிரித்தான்.

"கிராணியாரே, பாக்கு காய்ஞ்சா எடை குறையாதா? வெயில்ல நின்னா நீங்களும் குறைவீங்க."

கப்பலில் வேலை செய்கிற கலாசிகள் எல்லாம் சிரித்தார்கள். அவனுடைய மச்சான் பாவாசா இருந்தானே, கலாசிகளுக்குத் தலைவன், சாரங்கு, அவன் சும்மா இருப்பானா? "கிராணியாரு குறைய மாட்டாரு மச்சான். அவரு வயித்துல இருக்கிற சந்தேகமே ஒரு மூட்டை எடை இருக்கும்" என்றான். கப்பல் முழுக்கச் சிரிப்பு.

சிரிக்கிறவனை எனக்குப் பிடிக்காது என்று நினைக்காதீர்கள். ஆனால் கணக்குக் கேட்கும்போது ஒருவன் சிரித்தால் அவனிடம் பதில் இல்லை என்று அர்த்தம். பாக்கு காயும். யார் இல்லை என்றார்கள்? ஆனால் காய்வதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு நாலு மூட்டையை ஒதுக்கலாம் இல்லையா? நான் மரைக்காயரிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் விரலில் இருந்த முத்திரை மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். "அடுத்த பயணம் அக்கியாபுக்கு. அரிசி. கிடங்கை மூடி அரக்கு வெச்சு முத்திரை போட்டுடு. என் முன்னாலதான் அது உடையணும்" என்றார்.

முத்திரை என்றால் சாதாரணமாக நினைக்காதீர்கள். முதலாளி முத்திரையைக் கடலில் உடைத்த நகுதாவுக்கு இந்தக் கரையில் எந்த ஊரிலும் இன்னொரு கப்பல் கிடைக்காது. திருடன் என்று பெயர் விழுந்துவிடும். கலாசிகளுக்குக் கூலியும் கிடைக்காது. அது எழுதாத சட்டம்.

பர்மாக் கரையில் இருக்கிற அக்கியாபில் அரிசி ஏற்றினோம். அங்கேதான் முதல் தகராறு. மூட்டைகளை அடுக்கும்போது கப்பலின் பக்கப் பலகைக்கும் மூட்டைக்கும் நடுவில் ஓர் ஆள் ஊர்ந்து போகிற அளவுக்குச் சந்து விடச் சொன்னான் பாவாசா. எதற்கு என்றேன். பலகை இடுக்கைப் பார்க்க வேண்டுமாம். எங்கேயாவது கலப்பற்று, அதுதான் இடுக்கில் அடைக்கிற பஞ்சும் குங்கிலியமும், அது விட்டிருந்தால் உள்ளே ஊர்ந்துபோய் மறுபடி அடைக்க வேண்டுமாம். எல்லாக் கப்பலிலும் விடுகிற சந்துதானாம்.

எல்லாக் கப்பலிலும் விடுவார்கள், எனக்குத் தெரியாதா? எல்லாக் கப்பலிலும் திருடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். திருடனுக்கு நானே நடைபாதை போட்டுக் கொடுப்பேனா? அந்தச் சந்து முழுவதையும் மூட்டை வைத்து அடைக்கச் சொன்னேன். மரைக்காயருக்குக் கூடுதல் சரக்கு, எனக்கு நிம்மதி. "கிராணியாரே, கப்பல் கிழவி. அவளுக்கு மூச்சு விட இடம் வேணும்" என்றான் உதுமான். சரக்கு என் பொறுப்பு என்றேன். மேலே ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேசாமையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நியாயம் தன் பக்கம் இருந்தால் ஒருவன் சண்டை போடுவானா, மாட்டானா?

மூடியைப் போட்டு, குறுக்கே துணி ஒட்டி, அரக்கு உருக்கி, மூன்று இடத்தில் முத்திரை குத்தினேன். புறப்பட்டோம்.

தை மாசக் கடல். உங்களுக்குத் தெரியாததா? எண்ணெய் தடவின மாதிரி இருந்தது. வாடைக்காற்று பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வந்தது. புயல் இல்லை, பாறை இல்லை, இன்னொரு கப்பல்கூடக் கண்ணில் படவில்லை. அப்படிப்பட்ட கடலில் ஒரு கப்பல் முழுகியது என்றால், அது தானாக முழுகியதா? உங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

பழைய கப்பல் கொஞ்சம் கசியும். கசிகிற தண்ணீர் அடித்தளத்தில் ஓடி நடுவில் ஒரு குழியில் சேரும். தினமும் விடிந்ததும் இரண்டு கலாசிகள் அதை இறைத்து வெளியே விடுவார்கள். சலாமத்தில் எப்போதும் நடக்கிறதுதான். இந்தப் பயணத்தில் பாதி வழியில் குழி வறண்டுவிட்டது. ஒரு வாளி கூட நிறையவில்லை. நான் எட்டிப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பாவாசா முகத்தைச் சுளித்தான்.

"மச்சான், கிழவி தண்ணி விடலை."

"நல்லதுதானே?" என்றேன்.

"இத்தனை வருஷமா விட்டவ திடீர்னு ஏன் நிறுத்தணும்? உள்ளே யாரோ குடிக்கிறாங்க." அப்படிச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறான். "மூடியைத் திறங்க கிராணியாரே. ஒரே தடவை. நீங்களே கிட்ட நில்லுங்க."

பார்த்தீர்களா? தண்ணீர் வந்தால் திறக்க வேண்டும். தண்ணீர் வராவிட்டாலும் திறக்க வேண்டும். அவனுக்கு எப்படியாவது திறக்க வேண்டும், அவ்வளவுதான். ஓட்டைக் கப்பல் எங்கேயாவது உள்ளே காய்ந்து கிடக்குமா? குழி காய்ந்திருந்ததே, அது போதாதா கப்பல் அன்றைக்கு நன்றாக இருந்தது என்பதற்கு? இதை நான் விசாரணையில் சொன்னேன். அங்கே இருந்த கிழட்டு நகுதாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், அரிசி நனைந்தால் ஊதும். என் பெண்சாதிகூட அதைச் சொல்லுவாள். உலையில் போட்ட அரிசி ஊதும். மூட்டையில், மூடிய கிடங்கில் இருக்கிற அரிசி எப்படி ஊதும்?

அப்புறம் ஒரு வாடை கிளம்பியது. புளித்த வாடை. கலாசிகளின் பழைய சோற்றுப் பானை என்று நினைத்தேன். கழுவச் சொல்லிச் சத்தம் போட்டேன். கழுவினார்கள். வாடை போகவில்லை. சரியாகக் கழுவவில்லை.

அதற்கடுத்து என் அறைக் கதவு. அதுவரை லேசாகச் சாத்த முடிந்த கதவைத் திடீரென்று சாத்த முடியவில்லை. கீழே தரைப் பலகை மேடு தட்டி நின்றது. கதவு அதில் இடித்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் தூங்கும்போது உள்ளே வந்து மோதிரத்தை எடுக்க வழி பண்ணுகிறார்கள். பலகைக்கு அடியில் ஏதோ ஆப்பு வைத்திருக்கிறார்கள். அதோடு கிடங்குக்குள் இருந்து சத்தம். டக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டக். ஆணி தெறிக்கிறது என்று பாவாசா கத்தினான். ஆணி தானாகத் தெறிக்குமா? உள்ளே ஆள் இருக்கிறது என்று நான் நினைத்தேன். எந்த வழியாகவோ புகுந்துவிட்டார்கள், மூட்டையை நகர்த்துகிறார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கோரைப் பாயை எடுத்துவந்து கிடங்கு மூடியின் மேல் விரித்து உட்கார்ந்துவிட்டேன். குடையையும் பிடித்துக்கொண்டேன். நல்ல வெயில்.

உதுமான் வந்து எதிரில் குந்தினான். என் காலைத் தொட்டான். ஆமாம், நகுதா, என் காலைத் தொட்டான். "காதர், எழுந்திரு. உள்ளே அரிசி ஊதுது. பலகை தாங்காது. மேலாக இருக்கிற மூட்டையைக் கடல்ல தள்ளினா கிழவி பிழைச்சுக்குவா" என்றான். முதலாளி சரக்கைக் கடலில் தள்ளச் சொல்கிற நகுதாவை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? நான் எழுந்திருக்கவில்லை. நீ உடைத்தால் மரைக்காயரிடம் நான் என்ன சொல்லுவேன் என்று உனக்குத் தெரியும் என்றேன். அவன் கலாசிகளைப் பார்த்தான். ஒவ்வொருவனுக்கும் வீடு, பிள்ளைகுட்டி. கூலி போய்விடும், பெயர் போய்விடும். லுஹர் நேரம் வந்தது. போய்த் தொழுதார்கள். நான் உட்கார்ந்த இடத்திலேயே தொழுதேன்.

தொழுதுவிட்டு வந்து உதுமான் சொன்னான். "என் பேர்ல போகட்டும். உடைடா பாவாசா."

பாவாசா கோடரியோடு வந்தான். இதை நீங்கள் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். கோடரி. என் கண்ணால் பார்த்தேன். தன் கப்பலைத் தானே கோடரியால் வெட்டுகிற சாரங்கு எதற்கு வெட்டுவான்? என்னைப் பாயோடு சேர்த்து நாலு பேர் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். நான் கடித்தேன்கூட, ஒருவன் கையை. மூடி அவ்வளவு இறுகிப் போயிருந்தது, திறக்கவில்லை, பிளந்துதான் எடுத்தான். எடுத்ததும் அரிசி மேலே வந்தது. யாரும் அள்ளவில்லை, தள்ளவில்லை. மூட்டைகள் கிழிந்து, வெள்ளையாக, பொங்கி, விளிம்பைத் தாண்டி, தானாக எழுந்து வந்தது. பிறகு பாவாசா உள்ளே குதித்தான். வெட்டி வெட்டி மேலே எறிந்தான். "தள்ளுங்கடா, தள்ளுங்கடா" என்று அவன் கத்தினது கேட்டது.

அப்போதுதான் முன்பக்கத்தில் ஒரு சத்தம். துணி கிழிகிற மாதிரி, ஆனால் நீளமாக. பலகை வாய் திறந்துவிட்டது.

படகை இறக்கினார்கள். கலாசிகள் ஏறினார்கள். எனக்கு மோதிரம் ஞாபகம் வந்தது. அறைக்குள் பெட்டியில் இருக்கிறது. முதலாளி நம்பிக் கொடுத்தது. நான் ஓடினேன். உள்ளே போனதும் கப்பல் சாய்ந்தது, கதவு இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர். நான் கத்தினேன். யாரோ கதவை உதைத்து உடைத்தார்கள். என் சட்டையைப் பிடித்து இழுத்தது உதுமான். தண்ணீருக்குள் இழுத்து, படகில் தூக்கிப் போட்டான். மறுபடி கப்பல் பக்கம் திரும்பினான். கப்பல் இல்லை. மூன்று பாய்மர நுனி மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் இல்லை. கடல் முழுக்க அரிசி.

பாவாசா வரவில்லை.

இப்போது சொல்லுங்கள். கிடங்கில் நிற்கிறவன் தன் மச்சான், தன் பெண்சாதியின் கூடப் பிறந்தவன். அறையில் மாட்டிக்கொண்டவன் நான், அவனைத் தினமும் சந்தேகப்பட்டவன். ஒரு பக்கம்தான் போக நேரம் இருந்தது. அவன் ஏன் என் பக்கம் வந்தான்? இதை நான் ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசியில் எனக்கு ஒரு விடைதான் கிடைத்தது. அவனுக்குச் சாட்சி வேண்டும். அவனே பேசினால் யார் நம்புவார்கள்? எதிராளி உயிரோடு வந்தால்தான் விபத்து என்று ஆகும். அதற்குத்தான் என்னைக் காப்பாற்றினான். வேறு காரணம் உங்களுக்குத் தோன்றுகிறதா? தோன்றினால் சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள். யாரும் சொன்னதில்லை.

நாகப்பட்டினத்துக் கப்பல் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தது. மரைக்காயர் வீட்டில் விசாரணை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோடரியைச் சொன்னேன், வறண்ட குழியைச் சொன்னேன். உதுமானைக் கேட்டார்கள். எழுந்து நின்று ஒரே வார்த்தை. "என் கப்பல், என் பொறுப்பு. கடல் எடுத்துக்கிட்டுது." அவ்வளவுதான். நான் அடைத்த சந்து பற்றிச் சொல்லவில்லை. நான் மூடி மேல் உட்கார்ந்ததைச் சொல்லவில்லை. கலாசிகளையும் வாய் திறக்க விடவில்லை. மரைக்காயர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், எழுந்து உள்ளே போய்விட்டார். குற்றம் இல்லாதவன் ஏன் பேசாமல் இருக்க வேண்டும்? என் பெயரை ஏன் எடுக்கவில்லை? எடுத்திருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அந்த இடத்திலேயே தீர்ந்திருக்கும். அவன் எனக்கு அந்த வழியைக்கூட விட்டுவைக்கவில்லை.

சில நாள் வெயில் சாயும்போது கடற்கரையில் உட்கார்ந்திருப்பேன். அப்போது எனக்குள் ஒரு கேள்வி வரும். பலகையோரம் அந்தச் சந்து விட்டிருந்தால்? அந்த மூடியைக் குழி வறண்ட அன்றைக்கே திறந்திருந்தால்? அந்தக் கேள்வி வந்தால் சோறு இறங்காது. பிறகு யோசித்துப் பார்ப்பேன். இந்தக் கேள்வியை என் தலைக்குள் போட்டது யார்? அவர்கள்தான். அவர்களுடைய பேசாமைதான். நானாக இப்படியெல்லாம் நினைக்கிற ஆள் இல்லை.

இன்னொன்று. ஒவ்வொரு நோன்பிலும் அவன் வீட்டில் இருந்து எனக்குக் கஞ்சி வருகிறது. அவன் பெண்சாதி அனுப்புகிறாள். பாவாசாவின் ராத்தா. தம்பியைக் கடலில் விட்டவள், என் வீட்டுக்குக் கஞ்சி அனுப்புகிறாள். இலியாஸ்தான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். அந்தப் பொம்பிளை மனசில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நான் முதலில் பூனைக்குக் கொஞ்சம் வைப்பேன். ஒன்பது வருஷமாக வைக்கிறேன். பூனை கொழுத்துப் போய்க் கிடக்கிறது. அது வேறு விஷயம்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உங்கள் வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. மாடுகூட அவிழ்க்கவில்லை. பொழுதோடு சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிடலாம். காரைக்காலில் மாப்பிள்ளைக்கா பஞ்சம்?

என்ன நானா, எழுந்துவிட்டீர்கள். வண்டி அந்தப் பக்கம். நீங்கள் ஆற்றுப் பக்கம் போகிறீர்கள். ஓடம் வந்துவிட்டதா? வந்துவிட்டது. வரட்டும். நான் ஊருக்குப் போக வேண்டியவன், நான் ஏறுவேன். நீங்கள் எதற்கு? இவ்வளவு கேட்ட பிறகுமா? பொறுங்கள், அவசரப்படாதீர்கள், சேற்றில் வழுக்கும்.

ஓடக்காரனிடம் என்ன கேட்டீர்கள்? நகுதா வீட்டுக்கு எந்தத் தெரு என்றா?

நானா, இங்கே பாருங்கள். எனக்கு ஒன்று இப்போதுதான் தோன்றுகிறது. இவ்வளவு நேரம் நான் பேசினேன், நீங்கள் கேட்டீர்கள். உங்கள் பெயரை நீங்கள் சொல்லவில்லை. மகள் இருக்கிறாள் என்றீர்கள், அவள் பெயரும் சொல்லவில்லை. நீங்கள் உண்மையிலேயே பெண் வீட்டுக்காரர்தானா? உதுமான் அனுப்பி வந்தவரா? நான் என்ன சொல்லுவேன் என்று பார்த்துவரச் சொன்னானா? சிரிக்காதீர்கள். கணக்குக் கேட்கும்போது சிரிக்காதீர்கள்.

சரி. போங்கள். ஆனால் தனியாகப் போக விட மாட்டேன். நீங்கள் உள்ளே போய் என்ன பேசுவீர்கள், அவன் என்ன சொல்லுவான், நான் எப்படித் தெரிந்துகொள்வது? நானும் வருகிறேன். வாசல் வரைக்கும் இல்லை, உள்ளேயே வருகிறேன். அந்த வீட்டு வாசல்படியை இந்த ஒன்பது வருஷத்தில் நான் மிதித்ததில்லை. கொஞ்சம் நகருங்கள், உட்காருகிறேன்.

அந்தப் பொம்பிளை என்னைப் பார்த்ததும் என்ன சொல்லுவாள் என்று நினைக்கிறீர்கள்? வா தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டாளானால், நானா, அப்புறம் நான் என்ன செய்வேன்?